அதியமான்கோட்டையின் தெருக்களைக் காப்பது யார்?

தமிழ்நாட்டில் ஓர் ஊர் எப்போது நகரமாகிறது என்பதை அந்த ஊரில் குடியிருப்போர் முடிவு செய்வதில்லை. அரசாணைதான் முடிவு செய்கிறது. ஆனால் அரசாணை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வயல் மனைப்பிரிவாகிவிடும், களத்துமேடு கடைவீதியாகிவிடும், மாட்டுவண்டி நின்ற இடத்தில் லாரி நிற்கத் தொடங்கிவிடும். அந்த இடைக்காலம் முழுவதும், நகரத்துக்குரிய எல்லாச் சுமைகளையும் தாங்கிக்கொண்டு, கிராமத்துக்குரிய அதிகாரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஊராட்சி அலுவலகம் அந்த ஊரை நடத்திச் செல்கிறது. தருமபுரி நகரிலிருந்து சேலம் செல்லும் சாலையில் சுமார் 7 கி.மீ. தொலைவில், நல்லம்பள்ளி வட்டத்தில் இருக்கும் அதியமான்கோட்டை இன்று நிற்பது இத்தகைய இடைக்காலத்தில்தான். பழமையான குடியிருப்பு ஒன்றைக் காப்பதும் மேம்படுத்துவதும் உள்ளாட்சியால் எந்த அளவுக்கு இயலும், எந்த இடத்தில் அது கைகட்டி நிற்க நேர்கிறது என்பதை ஆராய இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. சங்க காலத்தில் தகடூர் என்று வழங்கிய இன்றைய தருமபுரிப் பகுதியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியிலேயே அறிந்தவன். அவன் வெறும் இலக்கியப் பாத்திரம் அல்லன் என்பதை 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது; அசோகனின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அதுவே விடை தந்தது. அப்படிப்பட்ட மரபின் பெயரைத் தாங்கிய ஊரில் கோட்டை என்று காட்ட இன்று எஞ்சியிருப்பது மிகக் குறைவு. மண் அரணுக்குக் காவல் இல்லாதுபோனால் மழையும் மண்வெட்டியுமே அதற்குப் போதும். எஞ்சி நிற்பவற்றுள் முதன்மையானது சென்றாயப் பெருமாள் கோயில். அதன் மண்டப விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், இராமாயணக் காட்சிகளும் மகாபாரதக் காட்சிகளும் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. இதனோடு, தேய்பிறை அட்டமி நாள்களில் பெருங்கூட்டம் கூடும் காலபைரவர் கோயிலும், அதியமான், ஔவையார் சிலைகளோடு பிற்காலத்தில் எழுப்பப்பட்ட அதியமான் கோட்டமும் ஊரின் அடையாளங்கள்.

இந்த ஊரின் மீது மூன்று பக்கங்களிலிருந்து அழுத்தம் வந்து சேர்கிறது. சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலையும் அதியமான்கோட்டையருகே அதனோடு இணைகிறது. நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி உள்ளிட்ட ஊர்களின் நிலங்களில், 1,700 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. இவற்றோடு பைரவர் கோயிலுக்கு வரும் வெளியூர்ப் பக்தர்களின் கூட்டம். ஒன்று வேகத்தையும், மற்றொன்று மனை விலையையும், மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் ஊரின் மக்கள்தொகையையே மாற்றிவிடும் நெரிசலையும் கொண்டுவருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். தருமபுரி மாவட்டத்திலோ அது 17.3 சதவீதம் மட்டுமே. மாவட்டத் தலைநகரான தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகையே அப்போது 68,619தான். இவ்வளவு குறைவாக நகரமயமான மாவட்டத்தில், அடுத்த கட்ட வளர்ச்சி நகராட்சி எல்லைக்குள் நடக்காமல் சாலையோர ஊராட்சிகளிலேயே நடக்கும் என்பதை ஊகிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டத்தின் இரண்டு பட்டியல்கள்

இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், 74ஆம் திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. முன்னது ஊரக உள்ளாட்சிகளுக்கும் பின்னது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் அரசியலமைப்புத் தகுதியை அளித்தன. முன்னதோடு சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளுக்கு மாநில அரசு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. பின்னதோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பொருள்களைத் தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் வரியிலேயே நகரத் திட்டமிடல் இருக்கிறது. இரண்டாம் வரியில் நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல் இருக்கிறது. பதினொன்றாம் அட்டவணையில் வேளாண்மை, சிறுபாசனம், கால்நடை, மீன்வளம் என்று நீளும் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. வயலும் ஏரியும் மட்டுமே கொண்ட ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல் அது. நான்குவழிச் சாலையும் தொழிற்பூங்காவும் வாசலில் வந்து நிற்கும் ஊருக்கு, எந்தத் தெருவில் எத்தனை மாடி எழலாம், எந்தக் காலி நிலம் காலியாகவே இருக்க வேண்டும் என்று திட்டமிடும் பொறுப்பை அது கொடுக்கவில்லை. அப்பொறுப்பு 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழியாக நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடம் எங்கோ ஒப்புதல் பெறுகிறது; அந்த மனைப்பிரிவின் சாக்கடை எங்கே போய் விழும் என்ற கேள்வி மட்டும் ஊராட்சியிடம் வந்து சேர்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் வாழ்ந்து, ஆண் உழைப்பாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மைக்கு வெளியே தொழில் செய்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தியும் இருந்துவிட்டால், சட்டப்படி அது கிராமமாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று குறிக்கப்படும். 2001இல் நாடு முழுவதும் 1,362ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் ஏறத்தாழ 3,900ஆகப் பெருகின. தமிழ்நாட்டில் மட்டும் 376. நாட்டின் நகரமயமாதலில் கணிசமான பங்கு, நகரம் என்ற பெயரே இல்லாத இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தப் பெயரை இன்னும் பெறாத, ஆனால் அதை நோக்கியே நடைபோடும் ஊர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தெருவின் மட்டம்

பழைய குடியிருப்பு ஒன்றைக் காப்பது என்றவுடன் தொல்லியல் துறையையும் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று எழுதிய நீலநிறப் பலகையையும் நினைப்பதே வழக்கமாகிவிட்டது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடை செய்கிறது; அதற்கு வெளியே 200 மீட்டர் வரை கட்டுப்படுத்துகிறது. மாநிலத்துக்கென 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் இவை காப்பது கல்லை. கல்லைச் சுற்றி மக்கள் வாழும் தெருவை அன்று. தெருவைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் ஒரு ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் கலவையும் ஒரு உதவிப் பொறியாளரின் அளவுப் புத்தகமுமே.

தமிழ்நாட்டின் எந்தப் பழைய தெருவிலும் நின்று திண்ணை வைத்த வீடு ஒன்றின் வாசலைக் கவனித்துப் பார்த்தால் இது விளங்கும். கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போயிருப்பார்கள்; இன்று முதல் படி மண்ணுக்குள், இரண்டாம் படி தார்ச்சாலையின் மட்டத்தில், மூன்றாம் படி மட்டும் வெளியே. பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போடுவது, அதன் மேல் சிமெண்ட் தளம், அதன் மேல் பேவர் பிளாக் என்று ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. ஐப்பசி மழையில் தெருவில் ஓடவேண்டிய தண்ணீர் நடைக்குள் நுழைகிறது. மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கும் குடும்பம் மூன்றாவது ஆண்டில் வீட்டை இடித்துவிட்டு, தெருவைவிட நான்கடி உயரத்தில் கான்கிரீட் வீடு எழுப்புகிறது. திண்ணை போய், வாசலில் இரும்புக் கேட் வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்குப் பழமையில் பற்றில்லை என்று குறைசொல்வது எளிது. தெருவின் மட்டத்தை உயர்த்தியது அவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சீர்கேட்டை மாநில நிர்வாகம் உணர்ந்த தருணமும் உண்டு. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே அதே மட்டத்தில் புதிய சாலை போடப்பட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். ஆயினும் அது நிறைவேறுகிறதா என்று பார்க்கக்கூடியவர்கள் அந்தத் தெருவில் வசிப்பவர்கள் மட்டுமே. பழைய குடியிருப்புகளைக் காக்க இதுவரை எழுதப்பட்ட எந்தச் சட்டத்தையும்விட இந்த ஒரு கடிதம் நேரடியாகப் பயன்படக்கூடியது என்பது மிகைக்கூற்று ஆகாது.

சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களுக்கும் இதே தண்ணீர்தான் பகை. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியத்தில், கூரைத் தளத்தின் விரிசல் வழியே ஈரம் இறங்கும்போது, பூச்சிலிருக்கும் உப்புகள் கரைந்து மேற்பரப்புக்கு வந்து வெள்ளைப் படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் உலர்ந்து விரியும்போது வண்ணத்தைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளுகிறது. கூரையைச் செப்பனிடுவது கோயிலைப் பராமரிப்போரின் கடமை. ஆனால் மதிலைச் சுற்றி ஓடும் தெருச் சாக்கடை எந்த மட்டத்தில் ஓடுகிறது, மழைநீர் தேங்காமல் வெளியேறுகிறதா, சுவரடியில் குப்பை எரிக்கப்படுகிறதா என்பவை ஊராட்சியின் அன்றாடப் பணிகள். ஓவியத்தைக் காக்கும் கைகளில் ஒன்று மண்வெட்டி பிடித்த கையாகவும் இருக்கிறது.

பூசணியும் தண்ணீரும்

தேய்பிறை அட்டமி அன்று காலபைரவர் கோயிலுக்கு வருவோர் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்கேற்றுவது இத்தலத்தின் தனி வழக்கம். நூற்றுக்கணக்கான வெண்பூசணிப் பாதிகள் வரிசையாகச் சுடர்விடும் காட்சி அழகானது. மறுநாள் விடியும்போது அவை எண்ணெய் ஊறிய, கரி படிந்த, தண்ணீர் கசியும் கழிவு. வீட்டுக்கு வீடு சென்று குப்பை சேகரித்து மட்கும் குப்பை, மட்காக் குப்பை எனப் பிரிப்பதற்காக ஊராட்சி அமர்த்தும் பணியாளருக்குத் தூய்மைக் காவலர் என்று பெயர். அவர்களின் எண்ணிக்கை ஊரில் நிலையாக வாழும் குடும்பங்களைக் கணக்கில் கொண்டு வகுக்கப்படுவது. மாதம் ஒரு முறை வந்து போகும் பக்தர்களை அந்தக் கணக்கு அறியாது. கோயிலின் உண்டியல் வருமானம் கோயில் நிர்வாகத்துக்குச் செல்கிறது, வாகனங்களால் தேயும் தெருவும் அள்ளவேண்டிய குப்பையும் ஊராட்சிக்கு வருகின்றன என்ற இந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் புகழ்பெற்ற தலங்கள் பலவற்றுக்கும் பொதுவானது, அநீதியானதும்கூட. கோயில் நிர்வாகமும் ஊராட்சியும் அட்டமிக்கு முன்பு ஒரு முறை உட்கார்ந்து பேசி, பூசணிகளை ஒரே இடத்தில் சேர்த்து உரமாக்கவும், வாகனங்கள் எங்கே நிற்கலாம் என்று வரையறுக்கவும் ஏற்பாடு செய்துகொண்டால் தூய்மைக் காவலரின் மறுநாள் காலைச் சுமை பாதியாகக் குறையும். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

இந்த மாவட்டத்தில் குடியிருப்பு மேம்பாடு என்ற சொல்லுக்கு எல்லாவற்றுக்கும் முந்திய பொருள் குடிநீர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதற்கு மேல் நெடுங்காலம் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்பு வரிகள் விழும். முதியோரின் எலும்பும் மூட்டும் இறுகும். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, காவிரி நீரை மலையேற்றி இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட அந்தத் திட்டத்தின் பலன், கடைசியில், ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் வால்வைத் திருப்பும் டேங்க் ஆபரேட்டரின் கையில் வந்து நிற்கிறது. காவிரி நீர் குறையும் நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் கலந்துவிட்டால், நெடுந்தூரக் குழாயின் பயன் அந்த ஒரு தொட்டியில் கரைந்துவிடும். ஆகவே காவிரி நீருக்கும் போர்வெல் நீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய், தெருவாரியாக நீர்ப் பரிசோதனை என்பதை ஊராட்சி தன் முதல் பணியாகக் கொள்ள வேண்டும். 15ஆவது நிதிக் குழு ஊராட்சிகளுக்கு வழங்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தியதை, இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை, குறை சொல்ல இயலாது.

மந்தைவெளியும் வண்டிப்பேட்டையும்

ஓர் ஊரின் பொது இடங்கள் எவை என்பதைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அழகான பழஞ்சொற்களால் குறிப்பிடுகிறது. மேய்ச்சல் நிலம், நெற்களம், இடுகாடு, சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. புறம்போக்கு என்பது தனியார் பட்டாவில் சேராத, பொதுப் பயனுக்காக ஒதுக்கப்பட்ட நிலம். மாடுகள் குறைந்த ஊரில் மந்தைவெளி பயனற்ற வெற்றிடமாகத் தோன்றும். அப்படித் தோன்றத் தொடங்கும் ஆண்டிலேயே அதன் ஓரத்தில் முதல் கூரை முளைக்கும். உண்மையில் நெருக்கம் கூடும் ஊருக்கு அந்த வெற்றிடம் விளையாட்டுத் திடலாகவும், சந்தைத் தளமாகவும், மழைநீர் இறங்கும் இடமாகவும் முன்னெப்போதையும்விட அதிகம் தேவைப்படுகிறது. மாட்டுவண்டிக்காக எழுதப்பட்ட வண்டிப்பேட்டை என்ற சொல்லைக்கூட, நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருக்கும் ஓர் ஊராட்சி, பக்தர்களின் வேன்களையும் லாரிகளையும் குடியிருப்புத் தெருக்களுக்கு வெளியே நிறுத்தப் பயன்படுத்திக்கொள்ள முடியும். சட்டத்தின் பழைய சொல்லுக்குள் புதிய தேவைக்கு இடம் இருக்கிறது. புறம்போக்குப் பதிவேட்டை எடுத்துப் புல எண் வாரியாக அளந்து கல் நட்டு வைப்பதே முதல் வேலை.

குடியிருப்போரால் தங்கள் தெருக்களைக் காக்க முடியும் என்பதற்குத் தொலைவிலும் ஒரு சான்று உண்டு. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் என்ற பழைய குடியிருப்பை விரைவுச் சாலைத் திட்டத்திலிருந்து காக்கப் போராடிய ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் எழுதிய அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய நூலில், தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது காவலரைவிட வாசலில் உட்கார்ந்திருக்கும் குடியிருப்போரும் கடைக்காரர்களுமே என்று வாதிட்டார். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் அவருடைய போராட்டத்தின் மற்றொரு கூறு இங்கே கூடுதலாகப் பயன்படும்: அந்தச் சாலைத் திட்டத்தை நிறுத்தியது நீதிமன்றமோ தொல்லியல் அறிஞரோ அல்ல, குடியிருப்போர் மீண்டும் மீண்டும் சென்று முறையிட்ட நகர நிர்வாக அமைப்புகளே.

அருகிலுள்ள சான்றாகப் புதுச்சேரியைச் சொல்லலாம். தமிழர் வாழ்ந்த பகுதியில் இருக்கும் வைசியாள் வீதியில், தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணும் கொண்ட வீடுகளின் முகப்புகளை மீட்டெடுக்கும் திட்டத்தை, 2000களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் நிதியுதவியோடு, இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பின் துணைகொண்டு புதுச்சேரி நகராட்சி மேற்கொண்டது. இத்தாலியின் அர்பினோ நகரும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரும் அதில் பங்காளிகள். வீட்டுக்காரரை வெளியேற்றாமல், செலவில் அவருக்கும் பங்கு வைத்து, ஒரு வீட்டை அன்றி ஒரு தெருவையே அலகாக எடுத்துக்கொண்டதுதான் அத்திட்டத்தின் சிறப்பு. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதே நகராட்சியின் சொந்த அலுவலகமான மேரி கட்டடம் பராமரிப்பின்றி நலிந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும், 2021இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டதும் வருத்தத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய உண்மைகள். ஒரு திட்டம் முடிந்ததோடு நின்றுவிட்ட அக்கறை அடுத்த தெருவுக்குக்கூடப் போய்ச் சேராது. புதுச்சேரிக்கு இருந்த வெளிநாட்டு நிதி அதியமான்கோட்டைக்கு இல்லை. எனினும், 1997இல் தொடங்கி 2021இல் புதுப்பிக்கப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டம், பொதுமக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் எஞ்சியதை அரசு தரும் முறை, தெருவை அலகாகக் கொண்ட பணிக்கு இங்கேயே கிடைக்கும் கருவி.

தெருவைப் பற்றிப் பேசும்போது எந்தத் தெரு என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. தருமபுரி மாவட்டத்தில் ஊர் என்பது ஒன்று, காலனி என்பது மற்றொன்று என்று குடியிருப்பு சாதியால் பிரிந்து கிடக்கிறது. 2012 நவம்பரில் இதே மாவட்டத்தின் நத்தம் காலனியிலும் அதை அடுத்த குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை நாடு மறக்கவில்லை. காலனி என்ற சொல் இழிவின் குறியீடாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயரை நீக்குவது தேவையான முதல் படி. கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கு விளக்கும் சாக்கடையும் முதலில் வந்து, ஊரின் கோடியிலிருக்கும் தெருவுக்குத் தண்ணீர் கடைசியில் வருமானால், மரபைக் காப்பது என்ற பெயரில் ஏற்றத்தாழ்வைக் காத்ததாகவே முடியும். உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் பற்றிச் சொல்வதைத் தமிழர் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தச் சபையில் நிலமுடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது என்பதையும் உடன் நினைவுகூர்வது நேர்மை. இன்றைய கிராம சபையின் மேன்மை, பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொரு வாக்காளரும் அதன் உறுப்பினர் என்பதே.

வெறுமையான நாற்காலி

இவ்வளவு பொறுப்புகளையும் சுமக்க வேண்டிய ஊராட்சித் தலைவரின் நாற்காலி தொடர்ந்து நிரம்பியிருந்ததில்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்த பின், ஊரகத் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது தருமபுரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5 அன்று நிறைவடைந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படாமல், ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. தனி அலுவலராக அமர்த்தப்படும் வட்டார வளர்ச்சி அலுவலர், ஒன்றியத்திலுள்ள பல ஊராட்சிகளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட வேண்டியவர். தொழிற்பூங்காவும் நெடுஞ்சாலையும் ஊரின் உருவத்தையே மாற்றும் ஆண்டுகளில், அந்த மாற்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லாமல் போனது, வேறு எந்த நிதிக் குறைவையும்விடப் பெரிய இழப்பு. கேரளம் 1996இல் மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, அதை நம்பிக் கொடுக்க ஒவ்வோர் ஊரிலும் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது.

மற்றொரு வழி, ஊராட்சியை அருகிலுள்ள நகராட்சியோடு இணைத்துவிடுவது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் அமைக்கவும், மாநகராட்சிகள் பலவற்றையும் 41 நகராட்சிகளையும் சுற்றுப்புற ஊராட்சிகளை இணைத்து விரிவாக்கவும் முடிவெடுத்தபோது, பல மாவட்டங்களில் கிராம மக்கள் ஆட்சியர் அலுவலகங்களின் முன் திரண்டு எதிர்த்தனர். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி கூடும் என்ற அச்சங்கள் நியாயமானவை. அதிகம் பேசப்படாத இழப்பு வேறொன்று. ஊராட்சியில் கிராம சபை என்பது அரசியலமைப்பின் 243ஏ பிரிவு அங்கீகரித்த அமைப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுவது. நகராட்சிக்குள் போனால் அதற்கு ஈடாகக் கிடைப்பது, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டின் ஒரு பகுதிக்கென அமைக்கப்படும் பகுதி சபை; அதற்கு அரசியலமைப்பின் நேரடிப் பாதுகாப்பு இல்லை. நகராட்சியாவதால் திட்டமிடும் அதிகாரம் கிடைக்கும், கேட்கும் சபை மெலியும். இணைப்பு என்றாவது அதியமான்கோட்டையின் வாசலுக்கு வருமானால், பகுதி சபையின் தீர்மானம் நகராட்சி மன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்ற விதியை முன்நிபந்தனையாகக் கேட்பது ஊரார் செய்யவேண்டிய காரியம்.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடுகிறது. தீர்மானப் பதிவேடு திறந்தே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் அதியமான்கோட்டை வாக்காளர்கள் நான்கு வரிகளை அதில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்: பழைய தெருக்களில் சாலையைச் சுரண்டியெடுத்தே புதுப்பிக்க வேண்டும், காவிரி நீரையும் போர்வெல் நீரையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது, புறம்போக்குகளை அளந்து கல் நட வேண்டும், அட்டமி நாளின் கழிவுக்கும் வாகனங்களுக்கும் கோயில் நிர்வாகத்தோடு எழுத்து மூலம் ஏற்பாடு வேண்டும். எழுதிய பிறகு, கையெழுத்திட்ட நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.